நரம்பு தூண்டப்படுவதும் தசை சுருங்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடற்செயலியல் வகுப்பிலும், வகுப்புக்கு வெளியே உறவினர்களும் அண்டை வீட்டாரும் கேட்கும்போதும் திரும்பத் திரும்ப எழும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். முதல் ஏழும் அடிப்படையானவை; பின்னால் வருபவை அவற்றின்மீது நிற்பவை. நரம்பில் புறப்படும் செய்தி தசையின் இழுவிசையாக மாறுவதற்குள் மின்வடிவிலிருந்து வேதிவடிவுக்கும், அங்கிருந்து மீண்டும் மின்வடிவுக்கும், மறுபடியும் வேதிவடிவுக்கும் மாறுகிறது. நஞ்சும் மருந்தும் நோயும் பெரும்பாலும் கைவைப்பது இந்த மாறுமிடங்களில்தான்.

1. நரம்பில் ஓடுவது கரண்ட்தானே? வீட்டு வயரில் ஓடுவதும் இதுவும் ஒன்றா?

மின்சாரம்தான், ஆனால் அது ஓடும் விதம் வேறு. செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் கம்பியின் நீளவாக்கில் நகர்கின்றன. நரம்பிழையில் நகர்பவை சோடியம், பொட்டாசியம் அயனிகள். அவை முதன்மையாக நகர்வது இழையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வின் குறுக்கே, வெளியிலிருந்து உள்ளேயும் உள்ளிருந்து வெளியேயும். நரம்பு சும்மா இருக்கும்போது வெளியே சோடியமும் உள்ளே பொட்டாசியமும் மிகுந்திருக்கின்றன. சவ்விலுள்ள ஒரு புரதம் ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்து இந்த ஏற்றத்தாழ்வைக் காக்கிறது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ 1957இல் இதைக் கண்டறிந்தார். அதற்கான நோபல் பரிசு அவருக்கு 1997இல்தான் வந்தது. பொட்டாசியம் சிறிது சிறிதாக வெளியே கசிவதால் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் கொண்டதாக இருக்கிறது. எண் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் சவ்வின் தடிமன் ஒரு மீட்டரில் நூறு கோடியில் சில பங்குதான் என்பதால், மீட்டர்க் கணக்கில் பார்த்தால் அங்கே நிலவும் மின்புலம் 1 கோடி வோல்ட்டை நெருங்குகிறது.

ஓரிடத்தில் இந்த மின்னழுத்தம் −70இலிருந்து சுமார் −55 வரை உயர்ந்துவிட்டால் அங்குள்ள சோடியம் வாயில்கள், அதாவது சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் புரதத் துளைகள், ஒருசேரத் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்ந்து மின்னழுத்தம் +30ஐ எட்டுகிறது. உடனே அவ்வாயில்கள் அடைபட்டு, பொட்டாசியம் வெளியேறி, ஓரிரு மில்லிநொடியில் பழைய நிலை திரும்புகிறது. இதுவே செயல்மின்னழுத்தம். ஓரிடத்தில் எழும் ஏற்றம் அடுத்த இடத்தையும் −55க்கு உயர்த்துவதால் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு முன்னேறுகிறது. அதனால்தான் ஒரு மீட்டர் நீளம் ஓடினாலும் அதன் உயரம் குறைவதில்லை. கடந்துவந்த இடத்தின் வாயில்கள் சிறிது நேரம் திறக்க மறுப்பதால் அது பின்னோக்கித் திரும்புவதுமில்லை. ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாய் மீன் வகையொன்றின் பருத்த நரம்பிழையில் இதை அளந்து 1952இல் கணிதச் சமன்பாடுகளாக வெளியிட்டார்கள். பல் மருத்துவர் போடும் மரத்துப்போகும் ஊசி இந்தச் சோடியம் வாயில்களைத்தான் அடைக்கிறது.

2. சூடு, அழுத்தம், காரம் எல்லாம் வேறு வேறு. அவை எப்படி ஒரே மாதிரி மின்குறிப்பாக மாறுகின்றன?

ஒவ்வொரு வகைத் தூண்டலுக்கும் அதற்கேற்ற வாயில் உணர்ச்சி நரம்பின் நுனியில் இருக்கிறது. சவ்வு இழுபட்டால் திறக்கும் வாயில் அழுத்தத்தை உணர்த்துகிறது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேல் திறக்கும் வாயில் சுடுவதை உணர்த்துகிறது. பச்சை மிளகாயில் உள்ள கேப்சைசின் என்னும் வேதிப்பொருள் இந்தச் சூட்டு வாயிலையே திறந்துவிடுகிறது. ஆகவே காரம் தின்றவர் நாக்கு எரிகிறது என்று சொல்வது உவமை அன்று, நரம்பைப் பொறுத்தவரை நடந்ததை அப்படியே சொல்வது. இந்த வாயில்களைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியசும் ஆர்டெம் படப்பூட்டியனும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபலைப் பெற்றார்கள்.

எந்த வாயில் திறந்தாலும் விளைவு ஒன்றே: நேர்மின் அயனிகள் உள்ளே வந்து மின்னழுத்தம் உயர்கிறது, அது வரம்பைத் தாண்டினால் செயல்மின்னழுத்தம் பிறக்கிறது. குறிப்பைப் பார்த்து அது சூடா அழுத்தமா என்று மூளை பிரித்தறிவதில்லை. எந்த இழை வழியாக வந்தது என்பதை வைத்தே அறிகிறது. கண்ணை மூடிக்கொண்டு இமையின் ஓரத்தை மெல்ல அழுத்தினால் வெளிச்சம் போல ஒன்று தெரிவதற்கும் காரணம் இதுதான்.

3. மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் நரம்பில் போகும் குறிப்பின் அளவு ஒன்றே என்கிறார்கள். அப்படியானால் வித்தியாசம் எப்படித் தெரிகிறது?

ஒவ்வொரு செயல்மின்னழுத்தத்தின் உயரமும் ஒன்றே என்பது சரி. வரம்பைத் தாண்டாத தூண்டலுக்கு எதுவும் எழாது; தாண்டிய தூண்டலுக்கு முழுதாக எழும்; நடுவில் பாதி என்று ஒன்று கிடையாது. மாறுவது நொடிக்கு எத்தனை குறிப்புகள் என்ற எண்ணிக்கை. தூண்டல் வலுக்க வலுக்கக் குறிப்புகள் நெருங்கி வருகின்றன. கூடுதலான இழைகளும் சேர்ந்துகொள்கின்றன. எட்கர் ஏட்ரியன் 1920களில் தனி நரம்பிழைகளின் குறிப்புகளைப் பதிவுசெய்து இதை நிறுவினார்.

4. நரம்புச் செய்தி ஒளி வேகத்தில் போகிறதா?

இல்லை, அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மனியின் பெயர்பெற்ற உடற்செயலியலாளர் யோகான்னஸ் முல்லர் இந்த வேகத்தை அளக்கவே முடியாது என்று கருதினார். அவருடைய மாணவரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளையின் கால் நரம்பைத் தசைக்கு அருகே ஒருமுறையும் தொலைவில் ஒருமுறையும் தூண்டி, தசை சுருங்க எடுத்துக்கொண்ட நேரங்களின் வேறுபாட்டிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டார். நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் என்று வந்தது, ஓடும் ரயிலைப் போன்ற வேகம்தான்.

மனித உடலில் வேகம் இழைக்கு இழை வேறுபடுகிறது. தசைகளை இயக்கும் பருத்த இழைகள் மயலின் என்னும் கொழுப்புறையால் போர்த்தப்பட்டவை. உறையில் ஒரு மில்லிமீட்டருக்கு ஓரிடம் என்ற கணக்கில் உள்ள இடைவெளிகளில் மட்டுமே செயல்மின்னழுத்தம் புதுப்பிக்கப்படுவதால் குறிப்பு நொடிக்கு 80 முதல் 120 மீட்டர் வரை விரைகிறது. உறையில்லாத மெல்லிய வலியிழைகளில் அது நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர்தான். கால் விரலைக் கட்டில் காலில் இடித்துக்கொண்டவருக்கு இடித்தது உடனே தெரிந்து, ஒரு கணம் கழித்து அந்த ஆழ்ந்த வலி வந்து சேர்வது இந்த வேறுபாட்டால்தான். மயலின் உறை சிதையும் நோய்களில், இழை அறுபடாமலே குறிப்பு தாமதித்தும் தடைபட்டும் போகிறது.

5. நரம்பில் வரும் கரண்ட் அப்படியே தசைக்குள் பாய்கிறதா?

பாய்வதில்லை. நரம்பின் முனைக்கும் தசையிழைக்கும் நடுவே ஏறத்தாழ 50 நானோமீட்டர் இடைவெளி உண்டு; நரம்பின் மின்குறிப்பு அங்கே முடிந்துவிடுகிறது. குறிப்பு முனையை எட்டியதும் அங்குள்ள கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. உள்ளே வந்த கால்சியம், அசிட்டைல்கோலின் நிரம்பிய நுண்குமிழிகளைச் சவ்வோடு இணையச் செய்கிறது. ஒரு குமிழியில் பல ஆயிரம் அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் இருக்கின்றன. அவை இடைவெளியில் கொட்டி, மறுகரையில் அவற்றை ஏற்கும் புரதங்களான ஏற்பிகளில் சென்று ஒட்டுகின்றன. ஏற்பிகள் திறந்து சோடியத்தை உள்ளே விட, தசையிழையில் ஒரு புதிய செயல்மின்னழுத்தம் தொடங்குகிறது. இத்தனையும் நடக்க ஆகும் நேரம் ஒரு மில்லிநொடி அளவே.

செய்தி வேதிப்பொருளாகக் கடக்கிறது என்பதை ஓட்டோ லோவி 1921இல் காட்டினார். இரண்டு தவளை இதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸ் என்னும் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கி, அதைச் சூழ்ந்திருந்த நீர்மத்தை மற்றதன்மேல் செலுத்தினார். நரம்பு தூண்டப்படாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாயிற்று. கை கால் தசைகளிலும் அசிட்டைல்கோலினே இந்த வேலையைச் செய்கிறது என்பதை ஹென்றி டேல் குழுவினர் நிறுவினர். இருவருக்கும் 1936ஆம் ஆண்டின் நோபல் பகிர்ந்தளிக்கப்பட்டது.

கொட்டிய அசிட்டைல்கோலின் அங்கேயே தங்கிவிட்டால் அடுத்த செய்திக்கு வழியில்லை. அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்னும் நொதி அந்த இடைவெளியிலேயே இருந்து அதை உடனுக்குடன் சிதைத்துவிடுகிறது. இந்த நொதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 13ஆம் கேள்வியில் மீண்டும் வரும்.

6. கால்சியம் எலும்புக்குத்தானே? தசைக்கு எதற்கு?

உடலின் கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருப்பது உண்மை. எஞ்சிய சிறு பங்கு இல்லாமல் எந்தத் தசையும் அசையாது. லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புநீரில் துடிக்க வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாய்நீரில் கரைத்த உப்பில் இதயம் நெடுநேரம் துடித்தது. வாலைவடிநீரில் கரைத்தபோது துடிப்பு நின்றுபோயிற்று. குழாய்நீரில் இருந்த கால்சியமே வேறுபாட்டுக்குக் காரணம் என்று 1883இல் அவர் வெளியிட்டார். ஒரு பொருளின் வேலை, அது இல்லாதபோது தெரியவந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எலும்போடு பிணைந்த தசைகள் தமக்கு வேண்டிய கால்சியத்தை உள்ளேயே ஒரு சவ்வுப்பையில் சேமித்து வைத்திருக்கின்றன. அதற்குச் சார்கோபிளாச வலை என்று பெயர். தசையிழையின் மேற்பரப்பில் ஓடும் செயல்மின்னழுத்தம் நுண்குழல்கள் வழியே உள்ளே இறங்கி இந்தப் பைகளின் கதவைத் திறக்கிறது. இழையினுள் கால்சியத்தின் செறிவு பத்து மடங்குக்கும் மேலாக உயர்கிறது. அது ட்ரோபோனின் என்னும் புரதத்தில் ஒட்டியதும், ஆக்டின் இழையை மூடிக்கொண்டிருந்த ட்ரோபோமயோசின் விலகி, மயோசின் பற்றிக்கொள்ளும் இடங்கள் வெளிப்படுகின்றன. இந்த ட்ரோபோனினைக் கண்டறிந்தவர் ஜப்பானின் செட்சுரோ எபாஷி. மாரடைப்பு ஐயத்தோடு வருபவரின் இரத்தத்தில் இன்று அளக்கப்படுவது இதன் இதய வகைதான்.

7. தசை சுருங்கும்போது உள்ளே எது சுருங்குகிறது?

எதுவும் சுருங்குவதில்லை என்பதுதான் வியப்பு. தசையிழைக்குள் சார்கோமியர் என்னும் சிறு பகுதிகள் வரிசையாக உள்ளன. ஒன்றின் நீளம் ஏறத்தாழ 2.2 மைக்ரோமீட்டர், ஆகவே ஒரு சென்டிமீட்டரில் சுமார் 4500. ஒவ்வொன்றிலும் தடித்த மயோசின் இழைகளும் மெல்லிய ஆக்டின் இழைகளும் ஒன்றினூடே ஒன்று செருகிக் கிடக்கின்றன. சுருங்கும்போது இரண்டின் நீளமும் மாறுவதில்லை. ஆக்டின் இழைகள் மயோசினிடையே மேலும் உட்செல்ல, சார்கோமியர் குறுகுகிறது. இதை 1954இல் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்த இரண்டு கட்டுரைகள் முன்வைத்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரோல்ஃப் நீடெர்கெர்கே எழுதியது. மற்றது ஹ்யூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர். தேர்வில் இருவரையும் ஒருவராக்கிவிடும் மாணவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

மயோசினின் தலைப்பகுதி ஆக்டினைப் பற்றி ஏறத்தாழ 10 நானோமீட்டர் இழுத்து, விட்டு, சற்று முன்னே மீண்டும் பற்றுகிறது. கிணற்றில் இறைப்பவர் ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்க மறு கையை மாற்றி மாற்றி இழுப்பது போலத்தான். ஆயிரக்கணக்கான தலைகள் வெவ்வேறு நேரத்தில் பற்றுவதால் இழுத்தது நழுவுவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு ஒன்று செலவாகிறது. அது எந்தக் கட்டத்தில் செலவாகிறது என்பது 10ஆம் கேள்விக்கு முக்கியம்.

8. சூடான பாத்திரத்தைத் தொட்டதும் வலி தெரியும் முன்பே கை விலகிவிடுகிறதே, மூளைக்குத் தெரியாமலா?

மூளையைக் கேட்காமல் நடக்கிறது. பிறகு மூளைக்கும் அறிவிக்கப்படுகிறது. உணர்ச்சி நரம்பு தண்டுவடத்தில் நுழைந்ததும் அங்குள்ள இடைநரம்புச்செல்கள் வழியாகக் கையை மடக்கும் தசைகளின் இயக்க நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. அதே நேரத்தில் கையை நீட்டும் தசைகளின் நரம்புகள் அடக்கப்படுகின்றன. இல்லாவிட்டால் இரண்டும் எதிரெதிராக இழுத்துக் கை அங்கேயே நின்றுவிடும். மூளைக்குச் செல்லும் கிளை நெடுந்தூரம் போக வேண்டும், அதிலும் ஒரு பகுதி 4ஆம் கேள்வியில் சொன்ன மெல்லிய இழைகளில் போக வேண்டும். அதனால் வலி பின்தங்கி வருகிறது.

மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டும்போது நடப்பது இதைவிட எளியது. தட்டும்போது தொடையின் முன்தசை ஒரு கணம் நீட்டப்பட, அதற்குள்ளிருக்கும் நீட்சி உணரி நேரடியாக அதே தசையின் இயக்க நரம்பைத் தூண்டுகிறது. இடையில் வேறு நரம்புச்செல் கிடையாது. ஆயினும் மூளை முற்றிலும் விலகி நிற்பதில்லை. விலையுயர்ந்த கோப்பை என்றால் சுட்டாலும் கீழே போடாமல் பிடித்திருக்க நம்மால் முடிவது, மேலிருந்து வரும் குறிப்புகள் தண்டுவடத்தின் சுற்றை அடக்குவதால்தான்.

9. முட்டையையும் அதே கையால்தான் எடுக்கிறோம், சிமெண்ட் மூட்டையையும் அதே கையால்தான் தூக்குகிறோம். குறிப்பு ஒரே அளவு என்றால் இது எப்படி?

3ஆம் கேள்வியின் விடை இங்கும் பொருந்தும். ஓர் இயக்க நரம்புச்செல் பல தசையிழைகளைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு செல்லுக்குப் பத்து இழைகள் அளவிலும், கெண்டைக்கால் தசையில் ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். மென்மையான வேலைக்குச் சிறிய செல்கள் மட்டும் அழைக்கப்படுகின்றன. வலிமை தேவைப்படத் தேவைப்படப் பெரியவை சேர்கின்றன.

இரண்டாவது வழி, குறிப்புகளை நெருக்குவது. நரம்புக் குறிப்பு ஓரிரு மில்லிநொடியில் முடிந்துவிடுகிறது, ஆனால் அது எழுப்பும் தசைத் துடிப்பு பல பத்து மில்லிநொடிகள் நீள்கிறது. முதல் துடிப்பு தளர்வதற்குள் அடுத்த குறிப்பு வந்தால் விசை கூடுகிறது. மிக நெருக்கமாக வந்தால் தனித்தனித் துடிப்புகள் ஒன்றாகிச் சீரான இறுக்கமாகிவிடுகின்றன.

10. தசை சுருங்கத்தானே சக்தி வேண்டும்? இறந்த உடலில் சக்தியே இல்லையே, ஏன் விறைக்கிறது?

பலரையும் தடுமாறச் செய்யும் கேள்வி இது. ஏ.டி.பி. வந்து மயோசின் தலையில் ஒட்டினால்தான் அந்தத் தலை ஆக்டினை விடும். விட்ட பின்பு ஏ.டி.பி. சிதைவதில் கிடைக்கும் ஆற்றல் தலையை அடுத்த இழுப்புக்கு ஆயத்தமாக்குகிறது. அதாவது பற்றியிருப்பதற்கு ஆற்றல் வேண்டாம், பற்றை விடுவதற்கு வேண்டும். கால்சியத்தைத் திரும்பப் பையில் ஏற்றுவதற்கும் ஏ.டி.பி. வேண்டும்.

இறந்த சில மணி நேரத்தில் ஏ.டி.பி. தீர்ந்துபோகிறது, கால்சியம் கசிகிறது, பற்றிய தலைகள் பற்றியபடியே நிற்கின்றன. விறைப்பு இமை, தாடை போன்ற சிறு தசைகளில் முதலில் தென்பட்டு, ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் பரவுகிறது. புரதங்கள் சிதையத் தொடங்கியதும் தானாக விலகுகிறது. வெப்பமான ஊர்களில் விரைவில் தொடங்கி விரைவில் விலகும் என்பதால், இறந்த நேரத்தைக் கணிப்பவர்கள் குளிர்நாட்டுப் பாடநூலின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

11. வெட்டிக் கழுவின மீன் உப்பு போட்டதும் துடிக்கிறது. அறுந்த பல்லி வால் துள்ளுகிறது. உயிர் இருக்கிறதா?

விலங்கு இறந்துவிட்டது, செல்கள் இன்னும் இறக்கவில்லை. விறைப்பு தொடங்கும் வரை தசையில் ஏ.டி.பி. மிச்சமிருக்கிறது. உப்பு சேரும்போது சவ்வுக்கு வெளியே அயனிகளின் அளவு திடீரென மாறி, ஓய்வுநிலை குலைந்து, எஞ்சியிருக்கும் நரம்பிலும் தசையிலும் செயல்மின்னழுத்தம் எழுகிறது. இத்தாலியின் போலோனியாவில் கால்வானி, வெட்டிய தவளைக் கால்கள் உலோகம் பட்டதும் துடிப்பதைக் கண்டு, விலங்கினுள்ளேயே மின்சாரம் உண்டு என்று 1791இல் எழுதினார். வோல்ட்டா அதை மறுத்து, மின்சாரம் தொட்ட இருவகை உலோகங்களிலிருந்து வந்தது என்றார். அந்த வாதத்தின் வழியில்தான் 1800இல் மின்கலத்தை உருவாக்கினார். அந்தச் சோதனையைப் பொறுத்தவரை வோல்ட்டா சொன்னது சரி. நரம்பில் மின்சாரம் உண்டு என்ற அளவில் கால்வானியும் சரி.

பல்லி வால் கதை வேறு. வாலுக்குள் தண்டுவடத்தின் ஒரு பகுதி இருக்கிறது; 8ஆம் கேள்வியில் சொன்னது போல மூளையில்லாமலே இயங்கும் சுற்றுகள் அதில் உண்டு. மேலிருந்து வந்துகொண்டிருந்த அடக்கும் குறிப்புகளும் அறுபட்டுவிட்டதால், வால் சில நிமிடங்கள் தன்னிச்சையாகச் சுழன்று துள்ளுகிறது.

12. கரண்ட் அடித்தால் சிலரைத் தூக்கி எறிகிறது, சிலரைப் பிடித்துக்கொள்கிறது. கரண்ட் இழுக்குமா?

மின்சாரத்துக்கு இழுக்கும் குணம் கிடையாது. இழுப்பது நம் தசையே. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று வீதம் திசை மாறுகிறது. ஒவ்வொரு சுற்றும் நரம்புகளைத் தூண்டுவதால், 9ஆம் கேள்வியில் சொன்ன நெருங்கிய குறிப்புகளின் நிலை ஏற்பட்டு, தசை தளராமல் இறுகிவிடுகிறது. முன்கையில் விரல்களை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலியவை. ஆகவே கம்பியைக் கையால் பற்றியவர், ஏறத்தாழ 10 மில்லியாம்பியருக்கு மேல் போனால், விட நினைத்தாலும் விட முடிவதில்லை. கால், முதுகுத் தசைகள் திடீரெனச் சுருங்கியவர் தூக்கி எறியப்பட்டது போல விழுகிறார். சிக்கியவரை வெறுங்கையால் பிடித்து இழுக்காமல் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

13. கட்டுவிரியன் கடித்தவருக்கு இமை தொங்குகிறது, பூச்சிமருந்து குடித்தவருக்கு உடம்பெல்லாம் துடிக்கிறது. இரண்டும் நரம்பைத்தான் தாக்குகின்றன என்கிறார்கள். ஏன் வேறு வேறு மாதிரி?

இரண்டும் தாக்குவது 5ஆம் கேள்வியில் விவரித்த அதே இடைவெளியை, ஆனால் வெவ்வேறு படிகளில். நாகத்தின் நஞ்சு தசைப் பக்கத்து ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அசிட்டைல்கோலின் கொட்டினாலும் ஒட்ட இடமில்லை. கட்டுவிரியனின் நஞ்சு இதோடு நரம்பு முனையையே சிதைத்து, கொட்டுவதற்குக் குமிழிகள் இல்லாமல் செய்கிறது. இரண்டிலும் தசைக்குச் செய்தி வருவதில்லை. இமை முதலில் தொங்கும், பிறகு விழுங்குவது கடினமாகும், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். கடிபட்டவரின் அறிவு அப்போதும் தெளிவாக இருக்கலாம் என்பதை உடன் இருப்பவர்கள் மறந்துவிடக் கூடாது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கிறது. வலியோ வீக்கமோ இல்லாததால் கடித்ததே தெரியாமல் போவதுண்டு. விடியற்காலையில் காரணமில்லாத வயிற்று வலியும் இமைத் தளர்ச்சியும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிதைந்த நரம்பு முனை மீண்டும் வளர நாட்கணக்கில் ஆகும் என்பதால், நஞ்சுமுறி மருந்து கொடுத்த பிறகும் செயற்கை மூச்சுக் கருவி தேவைப்படலாம். அந்த மருந்தைத் தயாரிக்க வேண்டிய நஞ்சை, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து செய்வது நேர்மாறானது. அது இடைவெளியிலிருக்கும் அசிட்டைல்கோலினெஸ்டெரேஸை முடக்குகிறது. சிதைபடாத அசிட்டைல்கோலின் குவிந்து தசைகளை ஓயாமல் தூண்ட, முதலில் துடிப்பும், ஏற்பிகள் சோர்ந்ததும் செயலிழப்பும் வருகின்றன. சுரப்பிகளும் அசிட்டைல்கோலினால் இயங்குவதால் எச்சில், கண்ணீர், வியர்வை, நுரையீரல் சளி எல்லாம் பெருகுகின்றன. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது. இதற்குக் கொடுக்கும் அட்ரோப்பின் என்னும் மருந்து சுரப்பிகளில் உள்ள வகை ஏற்பிகளை மட்டுமே அடைக்கும். தசையிலுள்ள ஏற்பி வேறு வகை என்பதால், சளி வற்றிய பிறகும் தசைத் தளர்ச்சி நீடிக்கலாம்.

இதில் ஒரு விந்தை உண்டு. இதே நொதியை அளவோடும் தற்காலிகமாகவும் முடக்கும் நியோஸ்டிக்மைன் ஒரு மருந்து. நாகத்தின் கடியில் அது அசிட்டைல்கோலினைப் பெருக்கி நஞ்சோடு போட்டியிட வைக்கிறது. உடலின் எதிர்ப்புப் புரதங்கள் தசையேற்பிகளை அழிக்கும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயிலும் இதே வகை மருந்துகள் பயன்படுகின்றன. நரம்பு முனையே சிதைந்த கட்டுவிரியன் கடியில் அதன் பயன் மிகக் குறைவு. பெருக்குவதற்கு அங்கே அசிட்டைல்கோலின் வந்தால்தானே?

14. ரண ஜன்னியில் உடல் வில்லாக வளைகிறது; போட்டுலினம் நஞ்சில் துவண்டுவிடுகிறது. இரண்டு கிருமியும் ஒரே குடும்பம் என்கிறார்களே?

ஒரே குடும்பம் மட்டுமன்று. ரண ஜன்னி நஞ்சும் போட்டுலினம் நஞ்சின் ஒரு வகையும் வெட்டுவது ஒரே புரதத்தை, அதுவும் ஒரே இடத்தில். குமிழிகள் சவ்வோடு இணைவதற்கு வேண்டிய சினாப்டோபிரெவின் என்னும் புரதம் அது. வேறுபாடு வெட்டும் இடத்தில் இல்லை, வெட்டு நடக்கும் ஊரில் இருக்கிறது. போட்டுலினம் நரம்பு முனையிலேயே தங்கி, தசைக்குச் செல்லும் அசிட்டைல்கோலினைத் தடுக்கிறது, தசை துவள்கிறது. ரண ஜன்னி நஞ்சு இயக்க நரம்பு வழியாகவே மேலேறித் தண்டுவடத்தை அடைந்து, அங்கே இயக்க நரம்புகளை அடக்கிவைக்கும் செல்களைச் செயலிழக்கச் செய்கிறது. 8ஆம் கேள்வியில் சொன்ன அடக்குதல் போய்விடுவதால் மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒருங்கே இறுகுகின்றன.

15. கால்சியம் குறைந்தால் தசை தளரத்தானே வேண்டும்? விரல்கள் இழுத்துக்கொள்கின்றனவே?

6ஆம் கேள்வியைக் கவனமாகப் படித்தவர்களுக்கே இந்த ஐயம் வரும். தசைக்குச் சுருங்கத் தேவையான கால்சியம் அதன் உள்பையில் இருக்கிறது. இரத்தத்தில் சிறிது குறைந்தாலும் அது உடனே காலியாவதில்லை. இரத்தத்துக் கால்சியத்துக்கு வேறொரு வேலை உண்டு: நரம்புச் சவ்வின் வெளிப்புறத்தில் நின்று சோடியம் வாயில்கள் எளிதில் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. அது குறையும்போது தூண்டலே இல்லாமல் நரம்புகள் குறிப்புகளை அனுப்பத் தொடங்குகின்றன. உதட்டைச் சுற்றிலும் விரல் நுனியிலும் கூச்சம், பிறகு விரல் இழுப்பு. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குபவருக்கும் இதே நேரலாம். கரியமில வாயு மிகையாக வெளியேறி இரத்தம் காரத்தன்மை அடைய, கால்சியத்தில் ஒரு பங்கு புரதங்களோடு பிணைந்து பயன்படாமல் போகிறது.

16. தூங்கும்போது கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்வதும் இதனால்தானா?

பெரும்பாலும் இல்லை. இரவுப் பிடிப்பு இயக்க நரம்பு அளவுக்கு மீறித் தூண்டப்படுவதால் வருவது. இரத்தத்தில் கால்சியம் சரியாக இருப்பவர்களுக்கும் வருகிறது. பாதத்தை முன்புறமாக மேலே மடக்கித் தசையை நீட்டிப் பிடிப்பதே உடனடித் தீர்வு. இமை தானாகத் துடிப்பதும் இதைவிடச் சிறிய அளவில் நடப்பதுதான். தூக்கமின்மையும் மிகையான காப்பியும் அதைத் தூண்டலாம், வலக்கண்ணா இடக்கண்ணா என்பதற்கு உடலில் தனிப்பொருள் எதுவும் இல்லை.

17. தொட்டாற்சிணுங்கிக்கு நரம்பு உண்டா?

நரம்பும் இல்லை, தசையும் இல்லை. ஆனால் மின்குறிப்பு உண்டு; கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் இச்செடியின் மின்மாற்றங்களை நுட்பமாக அளந்தார். தொட்டதும் எழும் குறிப்பு இலைக்காம்பின் அடியிலுள்ள வீங்கிய பகுதியை எட்ட, அதன் ஒரு பக்கத்துச் செல்கள் அயனிகளையும் அவற்றோடு நீரையும் இழந்து தொய்கின்றன, இலை சாய்கிறது. இங்கே புரத இழைகள் எதையும் இழுப்பதில்லை. மடங்குவது கணத்திலும், இழந்த நீர் திரும்ப வேண்டியிருப்பதால் விரிவது பல நிமிடங்களிலும் நடக்கிறது.

18. இதய மாற்று அறுவையில் நரம்புகளை வெட்டிவிடுகிறார்களே, பிறகு அந்த இதயம் யார் சொல்லித் துடிக்கிறது?

தானே சொல்லிக்கொள்கிறது. வலது மேலறையில் உள்ள ஒரு சிறு செல்திரளில் ஓய்வுநிலை என்பது நிலைத்து நிற்பதில்லை; மின்னழுத்தம் மெல்ல ஏறி வரம்பைத் தொட, செயல்மின்னழுத்தம் எழுகிறது, பிறகு இறங்கி மீண்டும் ஏறத் தொடங்குகிறது. இதயச் செல்கள் ஒன்றோடொன்று நுண்துளைகளால் இணைந்திருப்பதால், 5ஆம் கேள்வியில் கண்ட இடைவெளியும் அசிட்டைல்கோலினும் இல்லாமலே குறிப்பு செல்லிலிருந்து செல்லுக்குப் பரவுகிறது. நரம்புகள் இங்கே வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே. லோவியின் தவளை இதயத்தில் நடந்ததும் அதுவே.

வேகஸ் நரம்பின் கட்டுப்பாடு அறுந்துவிடுவதால், மாற்றிவைக்கப்பட்ட இதயம் ஓய்விலும் நிமிடத்துக்கு 90 முதல் 110 முறை துடிப்பது வழக்கம். மாடிப்படி ஏறும்போது அதன் வேகம் உடனே கூடாது. இரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகே மெல்லக் கூடும், நின்ற பின்பும் மெல்லத்தான் குறையும். ஆகவே இத்தகையவர்கள் உடற்பயிற்சியைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் சில நிமிடங்கள் மெதுவான நடைக்கு ஒதுக்க வேண்டும் என்று அறிவுறுத்தப்படுகிறார்கள்.